பச்சை உடம்புக்காரியின் மனச்சோர்வை எந்த வினாத்தாள் சரியாக அளக்கிறது?

குழந்தை பிறந்து மூன்று வாரம். இரவில் இரண்டு மணிக்கொரு முறை பாலூட்ட எழும் ஒருத்தியிடம் பி.எச்.க்யூ-9 வினாத்தாளைக் கொடுத்துப் பாருங்கள். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். துக்கம், ஆர்வமின்மை பற்றிய முதல் இரண்டு கேள்விகளுக்கு அவள் போடுவது பூஜ்யம். தூக்கக் கேடு, அநேகமாகத் தினமும்: 3. அசதி: 3. பசியில் மாறுதல்: 2. கவனம் நிற்பதில்லை: 2. கூட்டினால் 10. மனச்சோர்வு இருக்கலாம் என்று சந்தேகிக்க வழக்கமாக வைத்திருக்கும் எல்லையும் அதே 10தான்!

வினாத்தாள் மீது குற்றமில்லை. பொது நோயாளிகளுக்காக எழுதப்பட்டது அது. இரண்டு வாரக் கணக்கு, அதிகபட்சம் 27. பேறுகாலம் தானே கொண்டுவரும் உடல் உபாதைகளையும் நோயின் கணக்கில் எழுதிவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலைத் தவிர்த்தே 1987இல் ஸ்காட்லாந்தில் காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் மூவரும் எடின்பரோ அளவுகோலை வெளியிட்டார்கள். பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாள், அதிகபட்சம் 30. அசதியும் பசியும் அதில் கிடையாது. தூக்கத்தைக்கூட, ‘தூங்க முடியாத அளவுக்கு மனம் வருந்தியதா’ என்றுதான் கேட்கிறது. காரணமில்லாத பயத்தையும் தன்னையே பழித்துக்கொள்வதையும் விசாரிக்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களுக்கென்று பிறந்தது, இன்று கர்ப்ப காலத்திலும் பயன்படுகிறது.

அதன் பலவீனம் வெட்டு மதிப்பெண்ணில், அதாவது மனச்சோர்வைச் சந்தேகிக்கத் தொடங்கும் எல்லையில் இருக்கிறது. பல இடங்களில் 13 என்கிறார்கள். பல ஆய்வுகளைத் திரட்டி 2020இல் வெளியான பகுப்பாய்வில், 11 என்று வைத்தால் மனச்சோர்வுள்ள 100 பேரில் சுமார் 81 பேர் அகப்பட்டார்கள். 13 என்றால் 66 பேர்தான். வீண் சந்தேகம் குறைகிறது என்பது உண்மை. ஆனால் மூன்றில் ஒருத்தி நழுவிவிடுகிறாள். தமிழ் வடிவத்தை வேலூரில் சோதித்தபோதோ 9 என்ற எல்லையே பொருந்தியது (2005). எனவே 13ஐ அப்படியே தமிழ்த் தாய்மார்களுக்கு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மொழியும் வம்பு செய்யும். ஆறாவது கேள்வியின் ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘விஷயங்கள் என் மேல் ஏறிக்கொள்கின்றன’ என்று வரும், கேட்பவள் சிரிப்பாள். ‘எதையும் சமாளிக்க முடியாமல் மலைத்துப்போகிறீர்களா’ என்றால் பதில் வரும்.

இன்னும் சுருக்கமான வழியும் உண்டு. ஹூலி முறை எனப்படும் அதில் இரண்டே கேள்விகள்: கடந்த மாதம் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டம் இல்லாமல் போனதா? கூட்டம் நெருக்கும் வார்டில் செவிலியருக்கு வசதி. தலையாட்டி ‘இல்லை’ என்று தப்பிப்பதும் அதே அளவு வசதி.

என் தேர்வு எடின்பரோ, வேலூர் எல்லையோடு. ஆனால் அது சல்லடை மட்டுமே. நோயா இல்லையா என்பதை மருத்துவர் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தைக் கேட்கும் பத்தாவது கேள்விக்குப் பூஜ்யம் தவிர எது வந்தாலும், மொத்தம் 4 ஆக இருந்தாலும், அன்றே கவனிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குக் கேள்விகளை வாசித்துக் காட்டும்போது மாமியார் பக்கத்தில் இருந்தால் இந்தக் கேள்விக்கு எப்போதும் பூஜ்யம்தான் வரும். குழந்தையை எடை பார்த்து வரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, அப்புறம் கேளுங்கள்.