கெந்திங் இறங்கும் கைக்கு எந்த ஹீட்டட் கிரிப்?

கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஹீட்டட் கிரிப், அதாவது மோட்டார் ஹேண்டிலில் மாட்டும், மின்சாரத்தில் சூடாகும் கைப்பிடி, வாங்கினேன் என்றால் சிரிக்காத ஆள் கிடையாது. செந்தூலில் எனக்கு மோட்டார் பார்க்கும் தம்பி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, ஐஸ் கிரிப் ஏதாச்சும் வந்தா சொல்லுங்க, நானே ரெண்டு செட் எடுத்துக்கிறேன்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பகல் முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்கிறவன். நான் கெந்திங் மலை மேலே ஒரு ஹோட்டலில் எலக்ட்ரிக்கல் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். ஷிப்டு முடிந்து இறங்குவது பெரும்பாலும் விடியலுக்கு முன்னே.

மலை உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செந்தூலில் 25 டிகிரி இருக்கும் நேரத்தில் மேலே 15-ஐ ஒட்டி இருக்கும். 15 டிகிரி ஒன்றும் பெரிய குளிர் இல்லை, சரி. ஆனால் மழையில் கையுறை நனைந்து, அதன் மேல் காற்று அடித்தால் கதையே வேறு. நனைந்த துணியிலிருந்து ஆவியாகும் தண்ணீர் விரலின் சூட்டைத்தான் தூக்கிக்கொண்டு போகிறது. இறங்கும்போது திராட்டல் (வேகம் கூட்டும் பிடி) திருகும் வேலை அதிகமில்லை. வலது கைக்கு முழு நேரமும் பிரேக் வேலைதான். கோத்தோங் ஜெயா பக்கத்து வளைவுகளில், லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே விரலுக்குத் தெரியாமல் போகும். பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று சொல்லலாம். விரல் மரத்துப்போனால் ஏபிஎஸ் என்ன செய்யும்?

இப்போது சாமானுக்கு வருவோம். என்னுடையது கவாசாக்கி வெர்சிஸ் எக்ஸ் 250. அதில் மாட்டியிருப்பது ஆக்ஸ்ஃபோர்டு ஹாட்கிரிப்ஸ், டூரிங் வகை. நான் வாங்கியபோது நானூற்றுச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்). கூட வேலை செய்யும் ஒருவர் தைவான் கோசோ கம்பெனியின் அப்போலோ வைத்திருக்கிறார். அதையும் மலை ஏறி இறங்கி ஓட்டிப் பார்த்துவிட்டேன். இன்னொருவர் ஆன்லைனில் பெயர் தெரியாத ஒரு செட் வாங்கினார். அந்தக் கதை பிறகு.

குளிர் நாட்டுக்காரர்களுக்கு இது பனிக்காலச் சாமான். சில மாதம் போட்டு ஓட்டுவார்கள், கோடை வந்தால் சுவிட்சையே மறந்துவிடுவார்கள். நமக்கு இரண்டு காலமும் ஒரே நாளில். மத்தியானம் எம்ஆர்ஆர்2 சுற்றுச்சாலையில் 33 டிகிரி வெயிலில் லோரிக்குப் பின்னால் நிற்கும்போது பிடித்திருப்பதும் அதே கிரிப்தான், இராத்திரி மேக மூட்டத்துக்குள் பிடிப்பதும் அதே கிரிப்தான். நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தால் சூடு தேவைப்படும் நேரம் கொஞ்சம், அணைந்து கிடக்கும் நேரம்தான் அதிகம். அதனால் கடையில் நின்று "எவ்வளவு சூடாகும்" என்று கேட்பதை விட்டுவிட்டு, அணைத்த நிலையில் கையில் எப்படி இருக்கிறது என்று பிடித்துப் பாருங்கள். எதை வாங்கினாலும் சூடு போதும். பருமன்தான் வருஷம் முழுக்கக் கூடவே வரும்.

உள்ளே சூடேற்றும் பாகம் இருப்பதால் ஹீட்டட் கிரிப் எல்லாமே சாதாரண கிரிப்பைவிடத் தடிமன், ரப்பரும் கெட்டி. டூரிங் வகை என் கைக்கு முதலில் உலக்கையைப் பிடித்த மாதிரி இருந்தது. தைப்பூச வாரத்தில் பத்துமலைப் பக்கம் நெரிசல் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நெரிசலில் கிளட்ச் பிடித்துப் பிடித்து முன்கை வலித்தது. பிறகு பழகிவிட்டது. கை சிறியவர்களுக்கு, முக்கியமாகப் பெண் ஓட்டுநர்களுக்கு, பழகுமா என்று உறுதி தர மாட்டேன். கோசோ என் கைக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது, ரப்பரும் மிருது. பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஐந்து நிலை: 30, 40, 50, 75, 100 சதவீதம். மலை மேல் மழையில்லாத இராத்திரிக்கு 40 போதும். மழை பெய்தால் 50. புறப்படும்போது 100-இல் வைத்து, கிரிப் சூடேறியதும் இறக்கிவிடுவேன். 75-இல் தொடர்ந்து வைத்தால் மெல்லிய கையுறைக்குள் உள்ளங்கை பொரிந்துவிடும். கெந்திங் செம்பா தாண்டிக் காராக் நெடுஞ்சாலையில் கோம்பாக் நோக்கி இறங்கும்போது 30, டோல் வருவதற்குள் அணைத்துவிடலாம். ஆக, கேமரன் மலை, கெந்திங், தாய்லாந்து எல்லை தாண்டிப் பெத்தோங் என்று போகிறவர்களுக்குக் கீழே உள்ள மூன்று நிலை நன்றாக வேலை செய்தால் போதும். டிசம்பரில் சியாங் மாய் போய் 2,565 மீட்டர் உயரமுள்ள டோய் இந்தனோனில் விடியற்காலையில் ஏறப்போகிறீர்கள் என்றால் மட்டும் மேல் நிலைகளைப் பற்றி யோசியுங்கள். அங்கே சில நாள் உறைபனியே விழும்.

சுவிட்ச் விஷயத்தில் இரண்டும் நேர் எதிர். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தனிப் பெட்டி. கிளட்ச் பக்கம் ஒரு தகட்டில் மாட்ட வேண்டும். பார்க்க அழகில்லை, வெயிலில் அதன் விளக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் பொத்தான் பெரியது, நனைந்த கையுறையோடும் தட்டலாம். கோசோவில் சுவிட்ச் இடது கிரிப்பிலேயே இருக்கிறது. ஹேண்டில் சுத்தமாக இருக்கும், பெருவிரலாலேயே மாற்றலாம். எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: அந்தச் சுவிட்ச் போனால் கிரிப்பையே மாற்ற வேண்டும். நம் ஊர் மழையையும், மோட்டார் கழுவும் கடைகளில் பீச்சி அடிக்கும் தண்ணீரையும் நினைத்துப் பார்த்துத்தான் நான் தனிப் பெட்டியை எடுத்தேன். அழகு பார்க்கிறவர்கள் கோசோவையே எடுக்கலாம், தப்பில்லை.

மின்சாரம் என் தொழில், அதனால் இங்கே கொஞ்சம் நீட்டுவேன். ஹீட்டட் கிரிப் ஒரு ஜோடி முழு நிலையில் 4 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 48 வாட். எச்4 பல்பின் லோ பீம் 55 வாட். அதாவது இன்னொரு முன்விளக்கைக் கூடுதலாக எரிய விடுவது மாதிரி. 250 சிசி வண்டி இதைத் தாங்கும். ஸ்பாட்லைட், போன் சார்ஜர் எல்லாம் ஏற்கெனவே மாட்டி வைத்திருந்தால் முதலில் கூட்டிப் பாருங்கள். இஞ்சின் ஐடிலில் (திராட்டல் திருகாமல்) ஓடும்போது பேட்டரி முனையில் மீட்டர் வைத்து, எல்லாவற்றையும் போட்டுவிட்டு வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். 13-க்கு மேலேயே நின்றால் கவலையில்லை. 12.5-க்குக் கீழே இறங்கினால் ஏதாவது ஒன்றைக் கழற்ற வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டின் சுவிட்சுக்குள் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: பேட்டரி வோல்ட் இறங்கினால் தானே அணைந்துவிடும். அப்படியிருந்தும் நான் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற மாதிரி ரிலே வைத்துத்தான் இழுத்தேன். ஃபியூஸ் கட்டாயம். ஆன்லைனில் வாங்கிய நண்பருக்கு இது எதுவும் இல்லை. இரண்டே வயர், நேராகப் பேட்டரியில் முறுக்கிவிட்டார். ஷிப்டு முடிந்து வந்து பார்த்தால் கிரிப் வெதுவெதுப்பாக இருக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சரிவில் தள்ளி, கியர் போட்டு உயிர் கொடுத்தோம். இறங்குமுக ரோடாக இருந்தது அவர் நல்ல காலம்.

யுஎஸ்பி-யில் சொருகும் சுற்றுப்பட்டையும் விற்கிறார்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் மொத்தமே 10 வாட், கைக்கு 5. அடிக்கும் காற்றில் அது எங்கே போய்ச் சேரும் என்று தெரியவில்லை. வாங்காதீர்கள்.

மாட்டுவதற்கு முன் ஹேண்டில் பார் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 22 மில்லிமீட்டர், குரூசர்களில் 25.4 வரும், அதற்குத் தனி வகை. பழைய கிரிப்பின் நீளத்தையும் அளக்க வேண்டும். இரண்டு கிரிப்பும் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. இடது கிரிப் இரும்புக் குழாய் மேலேயே உட்காருகிறது, அந்தக் குழாய் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். வலது கிரிப் திராட்டலின் பிளாஸ்டிக் குழல் மேல் உட்காருவதால் சூடு தங்கும், உள் துளையும் பெரியது. இடது கை கொஞ்சம் குளிராக இருக்கிறதே என்று கடைக்காரனைத் திட்டாதீர்கள்.

திராட்டல் குழலில் முகடுகள் இருந்தால் அரத்தால் ராவி மட்டமாக்க வேண்டும். ஒட்டுவது சூப்பர் குளூவில். பிடித்துக்கொண்டால் திருப்ப முடியாது. அதனால் பசை போடும் முன்பே சும்மா மாட்டிப் பாருங்கள்: முழுத் திராட்டல் திருகினால் வயர் பிரேக் லீவரில் இடிக்கிறதா, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்தால் வயர் இழுபடுகிறதா. எல்லாவற்றையும் விட, திராட்டலை விட்டவுடன் தானாகப் 'டக்' என்று திரும்ப வேண்டும். கிரிப்பின் விளிம்பு சுவிட்ச் பெட்டியில் உரசினால் திரும்பாது. ஒரு மயிரிழை இடைவெளி விடச் சொல்லி நான் தம்பியின் தலைக்கு மேலேயே நின்றேன். கூலி வாங்கும்போது "அடுத்த தடவை நீங்களே மாட்டிக்குங்க அண்ணே" என்றான்.

கிரிப் உள்ளங்கையைத்தான் சூடாக்கும். விரலின் வெளிப்பக்கம் காற்றுக்குத்தான். என் வண்டியில் கைக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் ஹேண்ட் கார்டு மாட்டிய பிறகுதான் போட்ட காசு முழுசாக வேலை செய்தது. கையுறையும் உள்ளங்கைப் பக்கம் மெல்லிய தோலாக இருக்க வேண்டும். பஞ்சு வைத்துத் தைத்த குளிர்கால கையுறை போட்டால் சூடு உள்ளே வராது. மழை நாளில் நான் வலைத்துணிக் கையுறைக்குள் மெல்லிய நைட்ரில் கையுறை போட்டுக்கொள்வேன். உலகத்துக்கே ரப்பர் கையுறை செய்து அனுப்பும் நாட்டில் இருக்கிறோம், அது கிடைப்பதற்கா பஞ்சம்?

தங்கச்சி மாப்பிள்ளையும் அதே மலையில்தான் வேலை, பழைய ஹோண்டா இஎக்ஸ்5 என்ற சின்ன மோட்டாரில் வருகிறார். என் கிரிப்பைத் தொட்டுப் பார்த்த நாளிலிருந்து தனக்கும் வேண்டும் என்றார். ஐடிலில் நின்றால் முன்விளக்கே மங்கிப்போகிற வண்டி அது. அதன் தலையில் 48 வாட்டை ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன், மனுஷன் கேட்கிற மாதிரி இல்லை. கடைசியில் ஒரு ஜோடி ஹேண்ட் கார்டும் ஒரு பெட்டி நைட்ரில் கையுறையும் வாங்கிக் கொடுத்தேன். இப்போது குளிர் பற்றிப் பேச்சே இல்லை. கையுறையில் பாதியை மட்டும் தங்கச்சி மீன் கழுவ எடுத்துக்கொண்டாளாம், அடுத்த பெட்டி எப்போது என்று கேட்கிறார்.