ஹெட் கேஸ்கட் என்று சொல்லி 96,500 ரூபா பிடுங்கினார்கள், கெட்டிருந்தது தெர்மோஸ்டாட். பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனம்!

கை நடுங்க எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹெட் கேஸ்கட் (என்ஜினின் ஹெட் என்கிற மேல் பகுதிக்கும் அதற்குக் கீழே உள்ள பகுதிக்கும் நடுவே இருக்கிற அடைப்புத் தகடு) மாற்றினேன் என்று சொல்லி, ஒரு கராஜ்காரர் செய்யாத வேலைக்கு என்னிடம் 96,500 ரூபா வாங்கியிருக்கிறார். மாற்ற வேண்டியிருந்ததோ நாலாயிரம் ரூபாகூடப் பெறாத ஒரு சாமான். பெயர் போடவில்லை. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிற ரோட்டோரத்தில், எப்போதும் நாலைந்து வண்டி நிற்கிற கராஜ். அவ்வளவு போதும்.

என் வண்டி 1997 கொரோலா 110. புசல்லாவை வரைக்கும் ஒழுங்காக வரும், இறம்பொடை ஏற்றம் தொடங்கியதும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். அன்றைக்கு பொனட்டுக்குள்ளிருந்து ஆவியே வந்துவிட்டது. அம்மாவும் பிள்ளைகளும் வண்டிக்குள். யாரோ ஒரு முச்சக்கரவண்டிக்காரர்தான் இந்தக் கராஜைக் காட்டினார்.

அந்த ஆள் முதலில் வண்டியைப் பார்க்கவே இல்லை. "தம்பி எந்தத் தோட்டம்?" என்றார். சொன்னேன். "அட, உங்க அப்பா லொறி ஓட்டினவர்தானே, அவரோட வண்டிய நான் எத்தனை தடவை பார்த்திருக்கேன்!" என்றார். அப்பா இறந்து வருசமாகிறது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உட்காரச் சொல்லி, பிளேன்டீ கொடுத்து, பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கிவரப் பையனை அனுப்பினார். அதற்கு மேல் யார் சந்தேகப்படுவார்கள்? "நம்ம ஆளுங்க காச நான் தின்ன மாட்டேன்" என்று வேறு சொன்னார்.

"தெர்மோஸ்டாட்டா இருக்குமோ அண்ணே?" என்று நான் கேட்கத்தான் செய்தேன். சிரித்தார். "அது குளிர் நாட்டுக்காரனுக்கு. நம்ம ஊருக்கு எதுக்கு? இது ஹெட் கேஸ்கட், சத்தத்திலயே தெரியுது." ஜனவரி விடியற்காலையில் புல்லில் பனி உறைகிற நுவரெலியாவில் இருப்பவனிடம் இந்தப் பேச்சு! என்ஜின் குளிராக இருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைப்பதும், சூடானதும் உள்ளேயிருக்கிற மெழுகு உருகித் திறந்து விடுவதும்தான் தெர்மோஸ்டாட்டின் வேலை. திறக்காமல் இறுகிவிட்டால் ஏற்றத்தில் கொதிக்காமல் என்ன செய்யும்?

வண்டியை எடுக்கப் போனபோது கறுத்துப்போன ஒரு கேஸ்கட்டைக் கையில் வைத்துக் காட்டினார். "பாருங்க தம்பி, இந்த இடத்துல வெடிச்சிருக்கு. ஹெட்டையும் கொழும்புக்கு அனுப்பி லெவல் பண்ணி எடுத்தேன்." 96,500 ரூபா. அம்மாவின் சீட்டுக் காசும் அதில் இருக்கிறது. எண்ணிக் கொடுத்தேன்.

அதே இறம்பொடை ஏற்றத்தில் அதே முள் அதே மாதிரி ஏறியது.

போன் பண்ணினால் முதலில் "ரேடியேட்டர் அடைச்சிருக்கும், கொண்டாங்க பார்ப்போம்" என்றார். கொண்டுபோனால் ஆள் இல்லை. "பாஸ் டவுனுக்குப் போயிட்டாரு" என்கிறான் பையன். பிறகு "பழைய வண்டின்னா அப்படித்தான் தம்பி, வித்துப்போடுங்க" என்றார். பில் கேட்டால் "தெரிஞ்ச ஆளுங்களுக்கு நாங்க பில் போடுறதில்ல." அப்புறம் என் நம்பரை எடுப்பதே இல்லை. மனைவியின் போனிலிருந்து எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். அப்பாவைத் தெரியுமாம்!

கடைசியில் கொட்டகலையில் லொறி வேலை செய்கிற, மச்சானுக்குத் தெரிந்த ஒருவரிடம் போனேன். என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ரேடியேட்டர் ஹோஸ் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். ஒன்று கை வைக்க முடியாத சூடு, மற்றது சில்லென்று இருந்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, "வீட்ல போய் சட்டியில போட்டுப் பாருங்க" என்றார். அதன் மேல் 82 என்று பொறித்திருக்கிறது, அதாவது 82 பாகை வந்தால் திறக்க ஆரம்பிக்க வேண்டும். நுவரெலியா 1868 மீட்டர் உயரம் என்பதால் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஆனால் இந்தச் சோதனைக்கு அதுவே தாராளம். தளதளவென்று கொதித்த தண்ணீரில் கிடந்தும் அந்தச் சனியன் வாயைத் திறக்கவில்லை.

அதைவிட வயிறு எரிந்தது வேறு. அவர் என்ஜினின் மேல் மூடியைத் திறந்து காட்டினார். ஹெட் போல்ட்டுகளில் பழைய ஒயில் கறை படிந்தபடியே இருக்கிறது, ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. ஹெட்டைக் கழற்றவே இல்லை! எனக்குக் காட்டியது எந்த வண்டியின் கேஸ்கட்டோ. புது தெர்மோஸ்டாட் போட்டதும் வண்டி முள் அசையாமல் ஏறுகிறது. என் 96,500 ரூபா போனது போனதுதான்.

எப்படியெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். கேஸ்கட் போச்சு என்று யாராவது சொன்னால், ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, வெள்ளைப் புகை வருகிறதா, ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். என் வண்டியில் இதில் ஒன்றுமே இருக்கவில்லை. என்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற நம்பரில் அடிக்கலாம், ஆனால் பில் இல்லாமல் எதைக் காட்டி முறையிடுவது? ஹெட் கழற்றப் போகிறோம் என்றால் பக்கத்திலேயே நில்லுங்கள், போனில் வீடியோ எடுங்கள். டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.