மனுவா, பந்தலா?

சுற்றுச்சூழலைக் காக்கத் திருச்சபை மக்களோடு நிற்கும்போது எது மேல்: சட்டம் கேட்டு மனு கொடுப்பதா, போராட்டப் பந்தலுக்கு இடம் தருவதா? மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் கத்தோலிக்கத் திருச்சபை சட்டத்தின் வழியில் போனது. தங்கச் சுரங்கங்களால் லெம்பா ஆறு கெட்டுவிடும் என்று பங்குக் கோயில்தோறும் கையெழுத்து வாங்கினார்கள். பேராயர் எஸ்கோபார் அலாஸ் 2017 மார்ச்சில் மக்களோடு நாடாளுமன்றத்துக்கு நடந்துபோய் சுரங்கத் தடை மசோதாவை நிறைவேற்றக் கேட்டார். அந்த மாதமே 84 பேர் கொண்ட அவையில் 69 வாக்குகளுடன் அது நிறைவேறியது. உலோகச் சுரங்கத்தை முழுவதுமாகத் தடை செய்த முதல் நாடு அதுதான்.

இடிந்தகரை வேறு மாதிரி. 2011இல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக லூர்து மாதா கோயில் முற்றத்தில் பந்தல் போட்டார்கள். பெண்கள் மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். கூலியும் போகக் கூடாது, போராட்டமும் நிற்கக் கூடாது. அப்புறம் தடியடி, வழக்குகள். 2013இல் உச்ச நீதிமன்றம் அனுமதி தர, உலை இயங்கத் தொடங்கியது.

அப்படியென்றால் மனுவே மேலா? 2024 டிசம்பரில் எல் சால்வடார் நாடாளுமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. ஆளும் கட்சியின் பெரும்பான்மை போதுமானதாக இருந்தது. ஆயர்கள் மறுபடி கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள்.

சட்டம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பந்தலைத்தான் சொல்வேன். அங்கே பேசியது பாதிக்கப்படுகிறவர்களே. கோயில் அவர்களுக்கு நிழல் தந்தது.