ஜெனீவா ஏரியா, கான்ஸ்டன்ஸ் ஏரியா?

ஆல்ப்ஸ் பக்கம் போகிறவருக்கு ஒரே ஒரு பெரிய ஏரியைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் எது? மேற்கே ஜெனீவா ஏரி. அங்கத்திய ஆட்களுக்கு அது லெமான். வடக்கே கான்ஸ்டன்ஸ் ஏரி, ஜெர்மன் மொழியில் போடன்சே. இரண்டுமே பனியாறுகள் தோண்டிவிட்டுப் போன பள்ளங்கள். முதலாவது ரோன் பனியாற்றின் வேலை, அடுத்தது ரைன் பனியாற்றின் வேலை. அதே பெயருள்ள ஆறுகள்தான் இன்றும் ஒரு முனையில் கலங்கலாக நுழைந்து மறுமுனையில் தெளிந்து வெளியேறுகின்றன.

அளவில் லெமான் முந்துகிறது: சுமார் 580 சதுர கி.மீ., அதிகபட்ச ஆழம் 310 மீட்டர். போடன்சே 536 சதுர கி.மீ., 251 மீட்டர். பரப்பில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் லெமானில் தண்ணீர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கண்ணுக்கு அழகும் அதுதான். மோந்த்ரோ ஊர்ப் பக்கம் மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது.

அந்த மலையே ஒருமுறை வினையாகவும் முடிந்தது. 563இல் கிழக்கு முனையருகே மலை சரிந்ததில் எழுந்த அலை, ஏரியின் மறுகோடியில் இருக்கும் ஜெனீவாவின் பாலத்தையும் ஆலைகளையும் அடித்துப் போனது. ஏரியில் சுனாமியா என்று கேட்டால், ஏரிப் படுகையில் கிடக்கும் பெரும் வண்டல் அடுக்குதான் சாட்சி.

சரி, என் ஓட்டு? போடன்சேக்குத்தான். லெமானை சுவிட்சர்லாந்தும் பிரான்ஸும் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டன. போடன்சேயின் பெரும்பகுதியான ‘மேல் ஏரி’யிலோ ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் ஒப்புக்கொண்ட எல்லையே இன்றுவரை கிடையாது. வரப்புச் சண்டை பார்த்து வளர்ந்தவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். அப்புறம், கான்ஸ்டன்ஸ் துறைமுகத்தில் 9 மீட்டர் உயரப் பெண் சிலை ஒன்று மெல்லச் சுழன்றுகொண்டே நிற்கிறது. இரு கைகளிலும் கைக்கொருவராய்க் குட்டி ஆண்கள். ஒருவன் தலையில் ராஜ மகுடம், மற்றவன் தலையில் போப்பின் மகுடம். போப் பதவிப் போட்டியைத் தீர்க்க 1414 முதல் 1418 வரை அங்கே நடந்த திருச்சபை மாநாட்டுக்கு இப்படி ஒரு கிண்டல்.

லெமான் முழுதாக உறைவதில்லை. போடன்சே எப்போதாவது உறையும், கடைசியாக 1963இல். அந்தப் பிப்ரவரியில் ஜெர்மன் கரையிலுள்ள ஹாக்னாவிலிருந்து புனித யோவானின் மார்பளவுச் சிலையை, பனிக்கட்டி மேலேயே நடந்து சுவிஸ் கரையின் மூன்ஸ்டர்லிங்கனுக்குக் கொண்டுபோனார்கள். ஏரி அடுத்து உறையும்போதுதான் சிலை திரும்ப வேண்டும் என்பது வழக்கம். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.