பூஸ்ட் ஏற்ற மூன்று வழிகள்: எந்த வண்டிக்கு எது சரி?

டர்போ வண்டியில் பூஸ்ட்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கூட்ட நினைப்பவர்கள் முன் மூன்று பெயர்கள் வந்து நிற்கும்: மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர், ட்யூனிங் பாக்ஸ், ரீமேப். மூன்றும் காற்றைக் கூட்டும். கூடிய காற்றுக்கு ஏற்ற பெட்ரோலையும் இக்னிஷன் டைமிங்கையும் (பொறி விழும் நேரத்தையும்) யார் பார்த்துக்கொள்வது? நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

செலவு குறைந்தது மேனுவல் கன்ட்ரோலர். டர்போவிலிருந்து, வேஸ்ட்கேட் என்ற எக்ஸாஸ்ட் கதவைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸின் நடுவே மாட்டும் சின்ன வால்வு அது. ஹோஸில் வரும் அழுத்தம் ஆக்சுவேட்டர் ஸ்பிரிங்கை மீறினால் வேஸ்ட்கேட் திறந்து, எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பங்கு டர்போவைச் சுழற்றும் டர்பைனைத் தொடாமலே வெளியேறிவிடும். அந்த அழுத்தத்தை இந்த வால்வு குறைத்துக் காட்டுவதால் வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கிறது, பூஸ்ட் ஏறுகிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. தன் வரம்பு வரை பெட்ரோலைக் கூட்டிச் சமாளிக்கும். அதைத் தாண்டினால் ஃப்யூயல் கட் ஆகி (பெட்ரோல் நிறுத்தப்பட்டு) வண்டி குலுங்கும். பழைய வண்டியில், பூஸ்ட் கேஜ் மாட்டி, கொஞ்சமாக ஏற்றினால் சரி. வேஸ்ட்கேட்டை மின்மோட்டாரே இயக்கும் புதிய வண்டிகளில் இதை மாட்ட இடமே இல்லை.

ட்யூனிங் பாக்ஸ், பூஸ்ட்டை அளக்கும் சென்சாருக்கும் இ.சி.யூ.வுக்கும் நடுவில் உட்காரும். உண்மையில் 1.2 பார் இருக்கும்போது 1 பார் என்று சொல்லும். இன்னும் போதவில்லை என்று நினைத்து இ.சி.யூ. பூஸ்ட்டைத் தள்ளும். சில நிமிடங்களில் கழற்றிவிடலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் அதே குறைந்த எண்ணை நம்பித்தான் பெட்ரோலும் டைமிங்கும் கணக்கிடப்படுகின்றன. ஃபுல் லோடில் கலவை லீன் ஆனால் (பெட்ரோல் போதாமல் போனால்) கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் நாக்கிங், அப்புறம் பிஸ்டன் சேதம். பல சென்சார்களைச் சேர்த்துக் கையாளும் நல்ல பாக்ஸ்களும் உண்டு; ஒரே சென்சாரை ஏமாற்றும் மலிவான பாக்ஸை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இன்றைய வண்டிக்கு என் தேர்வு ரீமேப், அதாவது இ.சி.யூ.வின் மென்பொருளையே திருத்துவது. பூஸ்ட் இலக்கு, பெட்ரோல், டைமிங், டார்க் (சுழற்று விசை) வரம்பு நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்த மாற்றி எழுதப்படும். ஆனால் ஃபைலை ஏற்றிவிட்டு அப்படியே சாவியைக் கொடுப்பவரிடம் போகாதீர்கள். மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து எடுத்த லாக்கை (சென்சார் அளவுகளின் பதிவை) கேளுங்கள். பெட்ரோல் எஞ்சினில் காற்று–எரிபொருள் விகிதம் வழக்கமான 14.7-இலிருந்து ஃபுல் லோடில் 12-ஐ ஒட்டி இறங்குகிறதா? ஏதாவது ஒரு சிலிண்டரில் மட்டும் டைமிங் திரும்பத் திரும்பப் பின்வாங்குகிறதா? உள்ளே வரும் காற்றின் வெப்பம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஏறிக்கொண்டே போனால், அடுத்த செலவு அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலருக்குத்தான், இன்னும் அதிக பூஸ்ட்டுக்கு அல்ல.

எதைத் தேர்ந்தாலும் முதலில் ஹோஸ்களில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கசிவு இருந்தால் கேட்ட பூஸ்ட்டைத் தர டர்போ கூடுதல் வேகத்தில் சுற்ற வேண்டிவரும். ஸ்பார்க் பிளக் இடைவெளியையும் சரிபாருங்கள். அழுத்தம் கூடும்போது அகலமான இடைவெளியில் பொறி தவறும். நாக்கிங்கை அதிகம் தாங்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய ரீமேப் என்றால் எப்போதும் அதையே ஊற்றுங்கள். சாதாரண பெட்ரோல் போட்டால் நாக் சென்சார் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும்; காசு கொடுத்து வாங்கிய பவரில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.