விரலுக்குள் காந்தம் வைத்துத் தருவதாகச் சொல்பவரிடம் போகுமுன்

மொரீஷியஸில் உடலுக்குள் காந்தம் பொருத்தித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் ஒருவரிடம் போய், இடக்கை மோதிர விரலில் இரண்டு மாதம் சீழ் பிடித்துத் துன்பப்பட்டவன் நான். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் செய்த வேலையை மட்டும் நடந்தபடியே எழுதுகிறேன்.

பகலில் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். மாலையில் பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறேன். விரல் நுனியில் சிறு காந்தம் ஒன்று இருந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடும் மின்மாற்றியின் அருகில் கையைக் கொண்டுபோனதும் அது தோலுக்குள் அதிரும், நரம்பு அதை உணரும் என்று படித்த நாளிலிருந்து எனக்கு அந்த ஆசை விடவில்லை. ரோஸ் ஹில்லில் ஒரு வீட்டு மாடியில் இதைச் செய்பவர் 9,000 ரூபாய் கேட்டார். டைட்டானியம் நைட்ரைடு பூசிய, மருத்துவத் தரமுள்ள காந்தம் என்றார். நான் தயங்கியபோது, "கோர் தெ கார்த் மலைக்கோயிலில் வருடா வருடம் அலகு குத்திக்கொள்பவர் நீங்கள், இதற்கா பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். அலகை அன்றைக்கே எடுத்துவிடுகிறோம், காந்தமோ உள்ளேயே தங்குகிறது என்ற வேறுபாடு அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவர் ஒரு சிறு பிளாஸ்டிக் பையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள வில்லை ஒன்றை எடுத்து, கிருமி போகட்டும் என்று கெட்டிலில் கொதித்துக்கொண்டிருந்த நீரில் போட்டார். சாதாரண வகை நியோடிமியம் காந்தங்கள் சுமார் 80 பாகை செல்சியஸைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். அதனால்தான் அவற்றை நீராவியால் கிருமி நீக்குவதில்லை, குறைந்த வெப்பத்தில் வேலை செய்யும் எத்திலீன் ஆக்சைடு போன்ற முறைகளை நாட வேண்டும். இந்த ஒன்றை அறியாதவர் அந்தத் தொழிலில் இருக்கவே கூடாது. விரலைப் பனிக்கட்டியில் மரக்கவைத்துக் கீறிய பிறகு இன்னொரு சிக்கல் வந்தது. அவர் வைத்திருந்தது எஃகு இடுக்கி. காந்தம் அதை விட்டு வரவே இல்லை. இடுக்கியை உள்ளே நுழைத்து, வெளியே இழுத்து, மறுபடி நுழைத்து, கடைசியில் பல்குச்சியால் நெம்பித் தள்ளினார். அந்தப் பல்குச்சியை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்ததை நான் பார்த்தேன். பார்த்தும் எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் வாரத்தில் தையல் போட்ட இடம் சாம்பல் நிறமானது, ஆறாம் வாரத்தில் கறுத்தது. அவரை அழைத்தபோது, உங்கள் உடம்பு ஏற்கவில்லை, பணம் திரும்பாது என்றார். அரசு மருத்துவமனையில் விரலைத் திறந்து எடுத்தபோது வந்தவை நான்கு துண்டுகள். உரிந்த மேல்பூச்சு வெள்ளிபோல் பளபளத்தது. டைட்டானியம் நைட்ரைடு பொன்னிறமாக இருக்கும். எனக்குள் இருந்தது பொழுதுபோக்குக் கடைகளில் விற்கும் நிக்கல் பூச்சுக் காந்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை. நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த அந்த உலோகம் பூச்சு கீறிய இடத்தில் உடலின் உப்பு நீர் பட்டதும் துருப்பிடித்து நொறுங்கும். நிக்கல் ஒவ்வாதவர்களுக்குப் பூச்சே தோலைப் புண்ணாக்கும்.

முன்னோடிகளுக்கும் உறைதான் சிக்கலாக இருந்தது. அமெரிக்காவில் ஸ்டீவ் ஹாவொர்த், ஜெஸ்ஸி ஜாரெல் ஆகியோர் 2000களில் இதைத் தொடங்கியபோது சிலிக்கோன் உறையைப் பயன்படுத்தினார்கள். 2005இல் அத்தகைய காந்தத்தைப் பொருத்திக்கொண்ட பத்திரிகையாளர் குயின் நார்ட்டனுக்கு உறை கிழிந்து, விரல் கறுத்து, காந்தம் உள்ளேயே உடைந்தது. அனுபவம் உள்ளவர்களுக்கே அப்படி நேர்ந்திருக்கும்போது, கெட்டிலும் பல்குச்சியும் வைத்திருப்பவரை நம்பலாமா? உறை எது, எங்கே வாங்கியது, கிருமி நீக்கியது எப்படி, கருவி எந்த உலோகம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் ஒன்றுக்காவது அவர் தடுமாறியிருப்பார்.

எக்ஸ்ரேயில் இன்னும் இரண்டு புள்ளிகள் தெரிகின்றன. அவற்றைத் தேடிப் போனால் நரம்பு பாதிக்கும் என்று மருத்துவர் விட்டுவிட்டார். எம்.ஆர்.ஐ. கருவியின் 1.5 டெஸ்லா புலத்தில் காந்தத் துணுக்கு சதைக்குள் நகரலாம், படத்தையும் குலைக்கும். ஆகவே நான் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்திருக்கிறேன். நான் விரும்பிய அதிர்வை மின்மாற்றி அருகில் ஒருமுறைகூட உணரவில்லை.

வெளியே எடுத்த துண்டுகள் ஒரு கண்ணாடிக் குப்பியில் என் மேசைமேல் இருக்கின்றன. அவரிடம் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் யாரேனும் இருந்தால், போகுமுன் என் வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.