18 மாத மன அதிர்ச்சிச் சிகிச்சை: என் அனுபவம்

சாலை விபத்துக்குப் பிறகு ஓர் உளவியல் சிகிச்சை மையத்துக்குப் போகத் தொடங்கி 18 மாதங்கள் ஆகின்றன. முதல் மாதமே எழுத உட்கார்ந்திருந்தால் இது புகார்க் கடிதமாகத்தான் இருந்திருக்கும்.

காரணம், முதல் ஆறு அமர்வுகளில் உளவியலாளர் விபத்தைப் பற்றி விவரம் கேட்கவே இல்லை. தூக்கம் எப்படி, எந்தச் சத்தத்துக்கு உடல் திடுக்கிடுகிறது, பயம் ஏறும்போது பாதம் தரையில் படுவது தெரிகிறதா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கொட்டித் தீர்க்கப் போனவனுக்கு மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்தால் எரிச்சல் வராதா? ஒருநாள் கேட்டேவிட்டேன். “தாராளமாகச் சொல்லலாம். சொல்லி முடித்ததும் நீங்கள் தனியாக வீடு போய்ச் சேர வேண்டுமே” என்றார். அதன்பின் நான் வாயைத் திறக்கவில்லை.

ஏழாவது அமர்வில், கண்ணசைவின் துணையோடு அதிர்ச்சி நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். (EMDR) சிகிச்சை தொடங்கியது. 1980களின் இறுதியில் அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாபிரோ உருவாக்கிய முறை. 2013இல் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது. நினைவின் மிக மோசமான காட்சியை மனத்தில் நிறுத்தியபடி, இடமும் வலமும் நகரும் அவர் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். நடுநடுவே நிறுத்தி, வேதனைக்கு 0 முதல் 10 வரை எண் கேட்பார். முதல் நாள் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பலன் கண்ணசைவாலா, நினைவைத் துணையோடு எதிர்கொள்வதாலா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எனக்கோ, 9இல் இருந்த கண்ணாடி உடையும் சத்தம் நான்காவது 90 நிமிட அமர்வில் 3க்கு இறங்கியது. அன்றும் மறுநாளும் இரவில் கொடுங்கனவுகள். அப்படி வரலாம் என்று அவர் முன்பே எச்சரித்திருந்தார். இல்லாவிட்டால் அதோடு நின்றிருப்பேன்.

மையத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பத்தாம் மாதம் அவரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். செய்தி எனக்கு ஒரு வரிக் குறுஞ்செய்தியாக வந்தது. புதியவர் என் கோப்பைப் படிக்காமலே, “என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். அன்றிரவு தூங்கவில்லை. புகார் கொடுத்த பிறகுதான் மூவரும் சேர்ந்து உட்கார ஏற்பாடு செய்தார்கள். எந்த மையத்திலும் சேரும் முன்பே, சிகிச்சையாளர் மாறினால் உங்கள் கோப்பை யார், எப்படி ஒப்படைப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். கட்டணத்தைவிட முக்கியமான கேள்வி அது.

அவ்வப்போது, அறிகுறிகளின் கடுமையை அளக்கும் பி.சி.எல்.-5 (PCL-5) என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். 20 கேள்விகள், மொத்தம் 80 மதிப்பெண். 31 முதல் 33 வரையிலான எல்லையைத் தாண்டினால் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருக்கலாம் என்று கொள்கிறார்கள். படிவத்தை மட்டும் வைத்து நோயை முடிவு செய்வதில்லை. எனக்குத் தொடக்கத்தில் 54, இப்போது 21.

வாரம் ஒன்று என்றிருந்த அமர்வு மாதம் ஒன்றாகிவிட்டது. போன வாரம் நடந்து போகையில் முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டி கிறீச்சிட்டு நின்றது. முன்பானால் அங்கேயே உறைந்திருப்பேன். திரும்பிப் பார்த்து, ஓட்டியவரை நன்றாகத் திட்டினேன்.